வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தொன்று

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்த ராஜராஜேஸ்வரிக்கு ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார வராது. பதினாறு மெஷின்களில் பிள்ளைகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, இவள் வரிசைக்கு வரிசை நடப்பாள். வாசல்வரை போய் ரோட்டைப் பார்ப்பாள். திரும்பி வந்து யாருடைய விரலையாவது தட்டிச் சரி செய்வாள். மறுபடியும் வாசல். டீச்சருக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்!

சக்கரம் கட்டியது 1987-ல் வந்த ஒரு கடிதம். ப்ளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டு டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் வந்தது: காத்திருப்போர் பட்டியல், வரிசை எண் 41, அசல் சான்றிதழ்களுடன் சென்னையில் நேரில் ஆஜராகவும். அப்பா ஞானசம்பந்தன் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெயிட்டிங் லிஸ்ட்டுன்னா இல்லன்னு மரியாதையா சொல்லுததும்மா. இதுக்குப் போயி மெட்ராஸ் வரைக்கும் அலையணுமா?"

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் யாரிடம் கேட்பது? சொந்தத்தில் ஒரு டாக்டர் கிடையாது, கம்பவுண்டர்கூடக் கிடையாது. தெரிந்தவர் தெரியாதவரிடம் போய் நின்றால், "உம்ம மகளுக்குக் கெடைக்கலையாக்கும்" என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கடிதம் பீரோவுக்குள் போனது. ராஜி விலங்கியல் படித்தாள், டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணினாள், இன்ஸ்டிட்யூட்டில் டீச்சரானாள். பிறகு அந்த இன்ஸ்டிட்யூட்டே அவள் கைக்கு வந்தது. போயிருந்தால் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காதா? அந்த ஒரு கேள்வி மட்டும் அவளை விடவில்லை.

1997 கடைசியில் இன்ஸ்டிட்யூட்டின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வந்தன. மழை தூறினால் லைன் போய்விடும், யாராவது போன் பண்ணினாலும் போய்விடும். மற்ற நேரங்களில் அது கீச்சுக் கீச்சென்று கத்தி ஒருவழியாக உலகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதில்தான் அவள் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தாள். ஒருவர் மெயில் எழுதினால் முந்நூறு பேருக்குப் போய்ச் சேரும். மெடிக்கல் சீட்டுக்கு முட்டி மோதுகிற பிள்ளைகள் கேட்பார்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட மாணவர்களும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் டாக்டர்களும் பதில் எழுதுவார்கள். முகம் தெரியாது, சாதி தெரியாது. எந்த ஊர் என்றுகூடப் பலரைப் பற்றித் தெரியாது. கேட்டால் பதில் வந்தது. ராஜிக்கு வயிறு எரிந்தது. அடப்பாவிகளா, பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள்?

இரண்டு வருஷமாக ஒரு வரி விடாமல் படித்தாள். உபயோகமானதைப் பிரிண்ட் எடுத்து, அடியில் தமிழில் எழுதி, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்தாள். வெயிட்டிங் லிஸ்ட் நகரும் என்பது அதில்தான் அவளுக்குத் தெரிந்தது. சிலர் இன்ஜினியரிங் போய்விடுவார்கள், சிலர் வேறு மாநிலத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஒரு வருஷம் நூறைத் தாண்டும், ஒரு வருஷம் இருபதிலேயே நிற்கும். அப்படியென்றால் 87-ல் எதுவரை போனது? அதைக் கேட்க அவளுக்குக் கை வரவில்லை. இருபதில் நின்றது என்று பதில் வந்தால் நிம்மதி, வேறு மாதிரி வந்துவிட்டால்? தன் பெயரில் அவள் குழுவுக்கு ஒரு மெயில்கூட எழுதியதில்லை.

1999 ஆடி மாதம் தாலுகா ஆபீஸ் கிளார்க் கார்த்திகேசன் தன் மகள் சித்ரலேகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் முந்தின வருஷம் இங்கேதான் டைப்பிங் படித்தது. கையில் ஒரு கடிதம், கண் வீங்கியிருந்தது.

"பாருங்க டீச்சர். வெயிட்டிங் லிஸ்ட்டாம், அம்பத்தேழு. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொல்லுதாரு, இது இல்லங்கதுக்கு வேற பேருன்னு. பி.எஸ்ஸி.க்கு ஒரு அப்ளிகேசன் அடிச்சுக் குடுத்தீங்கன்னா..."

ராஜிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "உங்க ஆபீஸ்காரரு டாக்டர் சீட்டு வாங்கிக் குடுத்திருக்காரா அண்ணாச்சி? எத்தன பேருக்கு வாங்கிக் குடுத்தாரு?" என்று ஒரு சத்தம் போட்டாள். பதினாறு மெஷினும் நின்றுவிட்டன. அலமாரியைத் திறந்து ஒரு கத்தைக் காகிதத்தை அவர் முன்னால் போட்டாள். "படிங்க. போன வருஷம் எழுபத்திரெண்டு வரைக்கும் போயிருக்கு. மேலப்பாளையத்துப் பையன் அலி அஸ்கர், மெட்ராஸ்ல ரெண்டாம் வருசம் படிக்கான், அவனே எழுதியிருக்கான் பாருங்க. நம்பரக் கூப்பிடும்போது ஆளு அங்கன நிக்கணும். ஒரிஜினல் கையில இருக்கணும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க. பி.எஸ்ஸி. எங்கயும் ஓடிராது, நீங்க மொதல்ல கெளம்புங்க."

கார்த்திகேசன் மூன்று நாள் யோசித்தார். அந்த மூன்று நாளும் ராஜி அவர் வீட்டுக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் நடையாய் நடந்தாள். மனைவி சண்முகசுந்தரிதான் முதலில் மசிந்தாள். கடைசியில் அவரும் சரி என்றார். ரிசர்வேஷன் பாரத்தைக்கூட ராஜியே நிரப்பிக் கொடுத்தாள்.

ஆனால் அவர் பஞ்சாங்கத்தை விடவில்லை. கவுன்சலிங் புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலம் ரயிலேற வேண்டும். செவ்வாய் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. போதாக்குறைக்கு ஆடி மாதம். இதற்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு வழி உண்டு, அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பையை வேறொரு இடத்தில் கொண்டு வைத்துவிட்டால், அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

திங்கள் காலை அவர் ஒரு ரெக்சின் பையைக் கொண்டுவந்து ராஜியின் மேஜைக்கு அடியில் வைத்தார். பையின் மேல் குங்குமப் பொட்டு. "துணிமணி சாமானத்த வச்சா போதாது டீச்சர். எதுக்காகப் போறமோ அது மொதல்ல கெளம்பணும்லா? சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் இதுலதான் வச்சிருக்கேன்."

ராஜிக்குச் சுருக்கென்றது. சான்றிதழ் பையைக் கையை விட்டு இறக்காதீர்கள் என்று குழுவில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! அதைத் தமிழில் எழுதி அடிக்கோடு போட்டதே அவள்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் கிளம்புகிறாரே, அதுவே பெரிய காரியம் என்று இருந்துவிட்டாள்.

செவ்வாய் மத்தியானம் போன் லைன் செத்தது. நாலரை மணிக்கு இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குச் சண்டை போடப் போனாள். அவர்கள் போகிற வழியில் பையை எடுக்க வருவார்கள் என்பது நினைவிருந்தது. அரை மணியில் வந்துவிடலாம் என்று நினைத்தாள். அங்கே ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார், அவரைத் தேடி இன்னொருவர் போயிருந்தார். லைனைச் சரிபண்ண வைத்துவிட்டுத் திரும்பும்போது ஏழேகால். உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தாள். குங்குமப் பொட்டு.

"ஐயோ!"

நடந்தது இதுதான். கார்த்திகேசன் ஆபீசிலிருந்து நேரே இங்கே வந்திருக்கிறார். பூட்டைப் பார்த்துவிட்டு, சுந்தரி முன்னாலேயே எடுத்திருப்பாள் என்று ஜங்ஷனுக்குப் போய்விட்டார். பையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் அவர் சொன்னதை நம்பி, சண்முகசுந்தரி மகளோடு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். மூட்டை முடிச்சோடு கூட்டத்தில் ஏறி, ரயில் கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம்.

ரயில் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நாமதானே பூட்டிட்டுப் போனோம், நாமதானே வாயை மூடிட்டு இருந்தோம் என்று ராஜி தன்னையே திட்டிக்கொண்டு கீபோர்டில் கை வைத்தாள். முதல் தடவையாகக் குழுவுக்குத் தன் பெயரில் எழுதினாள். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிற டீச்சர், அந்த ஐந்து வரியில் ஒன்பது தப்பு விட்டாள். சித்ரலேகா, வெயிட்டிங் லிஸ்ட் 57, எஸ் 7 பெட்டி, நாளைக் காலை எழும்பூர். சான்றிதழ் பை என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் கொண்டு வருகிறேன். யாராவது அவர்களிடம் சொல்லுங்கள், ஊருக்குத் திரும்பிவிட வேண்டாம், ஹாலுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். அனுப்பினாள். யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது. பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. பக்கத்துக் கடை இசக்கித்தாயிடம் சாவியைக் கொடுத்து, அப்பாவுக்குச் சொல்லிவிடச் சொல்லிவிட்டு, கட்டின சேலையோடு சென்னை பஸ்ஸில் ஏறினாள்.

ராத்திரி முழுக்கப் பை மடியில்தான் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். விடிந்ததும் திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சர். டிரைவர் மெதுவாக இறங்கி, மெதுவாக ஜாக்கியைத் தேடினார். "அண்ணாச்சி, கொஞ்சம் வெரசாப் பாருங்களேன், ஒரு பிள்ள வாழ்க்க இதுல இருக்கு" என்று இவள் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாரிமுனையில் இறங்கும்போது பத்தேமுக்கால். கவுன்சலிங் பத்து மணிக்கே தொடங்கியிருக்கும்.

ஆட்டோ கவுன்சலிங் ஹால் வாசலில் நின்றதும் ஒரு நெட்டைப் பையன் ஓடிவந்தான். முகத்தைப் பார்க்கவில்லை, பையின் பொட்டைத்தான் பார்த்தான்.

"ராஜி அக்காதானே? நான் அஸ்கர். ஓடி வாங்க, அம்பத்தஞ்சு உள்ள போயிட்டு!"

இருவரும் ஓடினார்கள். கார்த்திகேசன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு உலர்ந்து வெளுத்திருந்தது. சித்ரலேகா பையை வாங்கிய கையோடு ஒலிபெருக்கியில் ஐம்பத்தேழு என்றார்கள். அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். இருபது நிமிஷம் ராஜி அந்த வராந்தாவை எத்தனை தடவை அளந்தாளோ! சண்முகசுந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, ஒண்ணும் ஆகாது. இருங்க, ஒண்ணும் ஆகாது" என்று ராஜி அவளைத் தேற்றினாள்.

வெளியே வந்த சித்ரலேகா காகிதத்தை நீட்டியது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ். கார்த்திகேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பட்டியல் அறுபதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்திருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"நீ மெயிலப் பாத்தியாடே?" என்று ராஜி அஸ்கரைக் கேட்டாள்.

"நான் எங்கக்கா பாத்தேன்! ஹாஸ்டலுக்குப் போன் வந்துது. அமெரிக்காலருந்து ஹெப்சிபா அக்கா. இங்க ராத்திரின்னா அவங்களுக்குக் காலைல பத்தரை மணி. மெயிலப் பாத்த ஒடனே கூப்புட்டுட்டாங்க. எஸ் ஏழாம் பெட்டி வாசல்ல போயி நில்லுலேன்னு ஒரு அதட்டு. இவரு என்னடான்னா, அடுத்த ரயில்ல ஊருக்குப் போயிருவோம்னு ஒத்தக்கால்ல நிக்காரு. பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

ஹெப்சிபா குழுவில் நிறைய எழுதுகிறவள். நம் பக்கத்து நாசரேத்துக்காரி என்பது அஸ்கர் சொல்லித்தான் ராஜிக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை ஊர் திரும்பியதும் நன்றி எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், எந்தத் தைரியத்தில் என்று அவளுக்கே தெரியாது, ஒரு வரி சேர்த்தாள். 1987-ல் வெயிட்டிங் லிஸ்ட் எதுவரை போனது, யாருக்காவது தெரியுமா?

அனுப்பிவிட்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது, ஹெப்சிபாவிடமிருந்து. "நன்றாகத் தெரியும். நானும் அந்த வருஷம்தான். அப்பா போகவேண்டாம் என்றார். எங்கள் சபையில் ஒரு நர்ஸ் அக்கா, சும்மா போய் நில்லுங்கள் என்றாள், போனோம். என் எண் அறுபத்து மூன்று. எனக்குப் பிறகும் ஆறு பேருக்குக் கிடைத்தது. ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் எண் என்ன?"

ராஜி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பயந்துபோய் மெஷினை மூடிவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முந்நூறு பேருக்கும் சேர்த்து எழுதினாள். "நாற்பத்தொன்று. நான் போகவில்லை. சொல்ல ஆளில்லை. உங்களில் யார் வீட்டிலாவது அப்படி ஒரு கடிதம் இருந்தால் இன்றைக்கே கிளம்புங்கள். சான்றிதழைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்."

வீட்டுக்குப் போனபோது ஞானசம்பந்தன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கார்த்திகேசன் வந்து சொல்லிட்டுப் போனாரும்மா. அந்தப் பிள்ளைக்கு வெயிட்டிங் லிஸ்ட்லயே கெடைச்சிட்டாமே?"

"ஆமாப்பா. கெடைச்சிட்டு."

அவர் வேட்டி நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்தக் காலத்துல உனக்கு வந்த கடுதாசில ஒரு நம்பர் போட்டிருந்துதே. அது எத்தனம்மா?"

ராஜி விளக்கைப் போட்டாள்.

"அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? நீங்க சாப்பிட்டியளா?"