கேசட்டில் இல்லாத மூன்று முடிச்சு

சடையனுக்குத் தன் கல்யாண வீடியோவின் மேல் இருபத்தைந்து வருஷத்துக் கோபம். அதைக் கெடுத்தவன் பெண்டாட்டியின் தம்பி என்பதால் அந்தக் கோபத்தை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. வீட்டில் சொன்னால் சோறு ஆறிப்போகும். ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். சரியாக முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரரின் லைட்டுக்கு ஃபியூஸ் போனது. அவர் கேமராவைப் பக்கத்தில் நின்ற மச்சான் சுப்பிரமணியின் தோளில் வைத்து, "தம்பி, மேடையப் பாத்து அப்படியே புடிச்சினு இரு, தோ வந்துட்டேன்" என்று ஓடினார். சுப்பிரமணியும் மேடையைப் பார்த்துத்தான் பிடித்தான், பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தில் ஒரு குரங்கு ஏறும் வரைக்கும்.

இன்றைக்கும் அந்தக் கேசட்டில் கெட்டிமேளம் காது கிழியக் கேட்கும். "கட்டிட்டான், கட்டிட்டான்" என்று யாரோ கத்துவது கேட்கும். அட்சதை பறந்து வந்து ஓரத்தில் விழும். நடுவில் குரங்கு உட்கார்ந்து நிதானமாகப் பழம் உரிக்கும். அது தின்று முடித்துத் தோலை வீசிய பிறகுதான் கேமரா மேடைக்குத் திரும்பும். அதற்குள் சரசு கழுத்தில் தாலி ஏறியிருக்கும். சடையன் அவிழ்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டிருப்பான்.

போட்டோவாவது உண்டா என்றால், உண்டு. அதில் இருப்பது சடையனின் அக்கா ஜோதியம்மாளின் முதுகு. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சைப் போட நாத்தனார் குனிந்தாள் அல்லவா, குனிந்தவள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து மறைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து சரசு ஒரு சட்டம் போட்டாள். காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, கிரகப்பிரவேசமா, எதுவானாலும் சுப்பிரமணி கையில் கேமரா கிடையாது. செல்போன் வந்த பிறகும் சட்டம் மாறவில்லை. அவன் போனைத் தூக்கினாலே அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அவன் நாற்காலி தூக்குவான், பந்தியில் தண்ணீர் ஊற்றுவான், பேசாமல் போய்விடுவான்.

இப்போது சடையன் மகள் கவியாவுக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருந்தது. சுப்பிரமணிக்கு அக்காவிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அக்கா, நான் தாய்மாமன். என் கையால ஒரு வீடியோ எடுத்துக்கறேனே."

"சீர் தட்டக் கொண்டாந்து வை. ஓரமா நில்லு. சாப்பிட்டுப் போ. அதோட சரி."

சுப்பிரமணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் அவனை விட்டது. வேங்கிக்கால் பக்கம், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அடி அண்ணாமலை வரைக்கும் எந்த போர் மோட்டார் எரிந்தாலும் அவனிடம்தான் வரும். கை சுத்தம், வேலை சுத்தம். தலைக்குள்தான் எப்போதும் ஏதாவது ஒன்று பறந்துகொண்டிருக்கும். ஒரு காலத்தில் காடை வளர்த்தான். பௌர்ணமிக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனவன் கூண்டை மூட மறந்தான். காடைகளும் கிரிவலம் போய்விட்டன. அப்புறம் காளான் வளர்த்தான். அது வளர்ந்தது, ஆனால் எது காளான், எது விஷம் என்று அவனுக்கே சந்தேகம் வந்து, எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தான். இந்த எல்லாக் கூத்திலும் மூட்டை தூக்கியது சடையனின் ஆட்டோ.

ஒரு நாள் மத்தியானம் சுப்பிரமணி ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்து நின்றான்.

"மாமா, உங்க கல்யாணத்த நான் திரும்ப எடுக்கப் போறேன்."

"டேய், எனக்கு ஒரு தடவயே ஜாஸ்தி."

"கார்ட்டூனா மாமா. ஏஐ. நாம சொன்னா அதுவே படம் போட்டு ஓட வைக்குது. கேசட்ல எது இல்லியோ அத மட்டும் எடுத்து அக்காவுக்குக் காட்டறேன். ஆவணியில உங்க கல்யாண நாள் வருதில்ல? அத பாத்துட்டு அக்கா கவியா கல்யாணத்துக்கு சரின்னு சொல்லிடும்."

"குரங்கு?"

"குரங்கு கிடையாது. சத்தியமா."

கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் கீதாஞ்சலி என்ற பெண்ணின் கட்டடத்தில் மோட்டார் எரிந்தபோது சுப்பிரமணி காசுக்குப் பதிலாகப் பாடம் கேட்டிருந்தான். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் முதல் பெஞ்சில் நரைத்த தலையோடு உட்கார்ந்தான். முதல் நாளே மொத்தக் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் ஏஐக்கு எழுதிக் கொடுத்தான்: மேளம் அடிக்கிறது, ஐயர் மந்திரம் சொல்கிறார், மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், நாத்தனார் முடிச்சுப் போடுகிறார், எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். வந்த படத்தில் மாப்பிள்ளை மேளம் அடித்தார், ஐயர் அட்சதையைத் தின்றார். நாத்தனாரின் கைகள் மாப்பிள்ளையின் தோளிலிருந்தே முளைத்திருந்தன. நாலு கையோடு சடையன் சாமி மாதிரி நின்றான்.

"அங்கிள், ஒரு ஷாட்டுக்கு ஒரு வேலதான் சொல்லணும்" என்றாள் கீதாஞ்சலி. "ஒரு ஷாட்டே எட்டு செகண்டுதான், அதுல ஊரையே கூட்டாதீங்க."

சுப்பிரமணி கற்றுக்கொண்டான். ஒரு ஷாட்டுக்கு ஒரு வேலை. ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் பெண் மாறினாள். மாலை போடும்போது ஒருத்தி, உட்காரும்போது வேறொருத்தி, குனியும்போது மூன்றாவது ஒருத்தி.

"எனக்கு எத்தன பொண்டாட்டிடா கட்டி வைக்கிற?" என்றான் சடையன். "ஒருத்தியவே சமாளிக்க முடியல."

ஆல்பத்திலிருந்து சரசுவின் பழைய போட்டோவைக் கொடுத்து, "எல்லா ஷாட்டுக்கும் இதே மூஞ்சி" என்று சொன்ன பிறகு பெண் ஒருத்தியாக நின்றாள். இலவசமாக ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் ஓடும் என்பதால் சடையனின் போனையும் பிடுங்கிக்கொண்டு அவன் பேரிலும் கணக்குத் திறந்தான். மாலை சரியாக வந்தது, மேளம் வந்தது, பின்னால் மலைகூட வந்தது. தாலி மட்டும் வரவில்லை. எத்தனை விதமாகச் சொன்னாலும் மாப்பிள்ளை கப்பலைக் கட்டும் கயிறு மாதிரி ஒன்றைத் தூக்கிப் பெண்ணின் கழுத்தில் மாட்டி இழுத்தார். சந்தையில் மாடு பிடித்துப் போகிற மாதிரி இருந்தது.

"இத உங்க அக்காவுக்குக் காட்டினா என்னை அதே கயித்துல தொங்க விடுவா" என்றான் சடையன்.

கீதாஞ்சலி வழி சொன்னாள். நிஜமாகவே ஒருவர் செய்வதை வீடியோ எடுத்துக் கொடுத்தால் அந்த அசைவை அப்படியே கார்ட்டூனாக மாற்றித் தருமாம். கை இருந்தால் போதும். சுப்பிரமணி கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். நீளமான ஒரு போர் மோட்டாரை ஸ்டூலில் நிற்க வைத்து, அதன் தலைப்பக்கம் சிவப்புத் துண்டைச் சுற்றினான். சடையன் கையில் மஞ்சள் கயிற்றைக் கொடுத்தான்.

"வெக்கப்படாதீங்க மாமா. அக்கானு நெனச்சிக்குங்க."

"உங்க அக்காவ விட கம்மியாதான் பேசுது, நெனச்சிக்கறேன்."

சடையன் குனிந்து மோட்டாருக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஷட்டருக்குக் கீழே நாலு கால்கள் வந்து நின்றன. கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்க வந்த திருமலையும் அவர் பெண்டாட்டியும், சரசுவின் தெருக்காரர்கள். அவர்கள் குனிந்து சிவப்புத் துண்டையும் மஞ்சள் கயிற்றையும் பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் திரும்பிப் போனார்கள். சடையன் ஷட்டரை இன்னும் ஒரு சாண் இறக்கினான்.

இரண்டு முடிச்சு பாக்கி இருந்தது. அதற்காகச் செங்கத்திலிருந்து ஜோதியம்மாளை வரவழைத்திருந்தார்கள். அவள் ஷட்டருக்குள் குனிந்து வந்து, மோட்டாரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"சடையா, இதுக்கு நான் நாத்தனாரா?"

"ரெண்டே முடிச்சுக்கா."

"ஆளுக்குப் போட்ட கையால எந்திரத்துக்குப் போடுவேனா? எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா இன்னா ஆவும்? ஏற்கெனவே உங்க கல்யாணத்துக்கு என் முதுகு மட்டும்தான் வந்துச்சு. இப்ப கையும் இரும்புக் குழாய்க்கா?"

அவள் பேசி முடிக்கவில்லை. ஷட்டர் படீரென்று மேலே போனது. வெளியே சரசு. திருமலையின் பெண்டாட்டி எதை எப்படிச் சொன்னாளோ, சரசு ஓடி வந்த வேகத்தில் ஒரு காலில் செருப்பில்லை.

"யார் அவ?"

சடையன் மோட்டாரைக் காட்டினான்.

சரசு துண்டை உருவினாள். மஞ்சள் கயிறு கட்டிய மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். சுப்பிரமணி எல்லாவற்றையும் சொன்னான். வகுப்பு, நாலு கை, கப்பல் கயிறு, எல்லாம். சொல்லும்போது அழுகிற மாதிரி ஆகிவிட்டான். போனை நீட்டி அதுவரை எடுத்த ஷாட்டுகளைக் காட்டினான். அவள் தன் பழைய முகம் மாலையோடு நடந்து வருவதை ஒரு கணம் பார்த்தாள். உடனே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு மோட்டார்தான் கெடச்சுதா? நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

"நீயே உக்காந்துக்கறியாக்கா?"

"ஐயோ, சும்மா சும்மா தாலி கட்டக் கூடாது" என்றாள் ஜோதியம்மாள். "அறுபதாங் கல்யாணத்துக்குதான் கட்டுவாங்க. இவனுக்கு அம்பதே இன்னும் நெறையல."

கடைசியில் சரசுதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஆடிப் பெருக்கு வருதில்ல அண்ணி? அன்னிக்கி எப்படியும் கயிறு மாத்தணும். வருஷா வருஷம் நானே மாத்திக்கறேன். இந்த வருஷம் இவர் கட்டட்டும், நீங்க முடிச்சு போடுங்க. அவன் எடுக்கட்டும்." பிறகு தம்பியின் பக்கம் விரலை நீட்டினாள். "இந்த ஒரு தடவ. அவ்ளோதான். கார்ட்டூன் நல்லா இல்லன்னா தை மாசத்துக்கு என் கிட்ட வாய தொறக்கக் கூடாது."

ஆடிப் பதினெட்டு அன்று சடையன் சவாரியிலிருந்து நேராகக் காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தான். சரசு தலைக்கு ஊற்றி, மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். ஜோதியம்மாள் பட்டுப்புடவையில் வந்து, கேமரா எந்தப் பக்கம் என்று கேட்டு, முகம் தெரிகிற பக்கமாக நின்றாள். சுப்பிரமணி ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி, இன்னொரு போனைக் கையில் பிடித்தான். மூச்சு விடவே பயந்தான்.

சடையன் முதல் முடிச்சைப் போட்டான். கயிறு விரலில் சிக்கி, இரண்டாவது முறைதான் முடிச்சு விழுந்தது. கல்யாணத்தன்று இப்படிச் சிக்கியதா என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. வேட்டி அவிழ்ந்ததுதான் ஞாபகம் இருந்தது.

"சீக்கிரம் போடுங்க, கழுத்து வலிக்குது" என்றாள் சரசு.

அதற்குப் பிறகு சுப்பிரமணி ராப்பகலாக உட்கார்ந்தான் என்று சொல்லமாட்டேன். பகலில் கடை இருந்தது. ஆனால் ஸ்டாண்டுக்கு வந்து புலம்பாத நாள் கிடையாது. சடையனின் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு அந்த ஏஐ மிஷின் அவன் தோளில் நட்சத்திரமும் தலையில் தொப்பியும் வைத்து இன்ஸ்பெக்டராக்கியது. அதைப் பட்டுச் சட்டையாக மாற்றச் சொன்னால், சட்டை மாறியது, தொப்பி போகவில்லை.

"தொப்பி இருக்கட்டும்டா, நல்லாதான் இருக்குது" என்றான் சடையன், சுற்றிலும் பார்த்துவிட்டு.

"அக்கா கொன்னுடும் மாமா."

ஆவணியில் கல்யாண நாள் வந்தது. வீட்டு டிவியில் போனைச் சேர்த்தார்கள். கவியா விளக்கை அணைத்தாள். ஜோதியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். சுப்பிரமணி உட்காரவே இல்லை. கதவோரம், எப்போதும் நிற்கிற இடத்திலேயே நின்றான்.

படம் ஒரு நிமிஷம்கூட இல்லை. மேளம். மலை. மாலை. ஒல்லியான ஒரு பையன் குனிகிறான். இரண்டு கைதான், விரல்கள் கணக்காக இருந்தன. முதல் முடிச்சு. பின்னால் நாத்தனார் வந்து இரண்டு முடிச்சு. தலை குனிந்த பெண் அட்சதை விழும்போது கண்ணை மூடுகிறாள்.

"பாத்தியா, நான் அப்படித்தான் ஒல்லியா இருந்தேன்!" என்றாள் ஜோதியம்மாள். கவியா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சரசு, "இன்னொரு தடவ போடு" என்றாள். போட்டான். மறுபடியும், "போடு." மூன்றாவது முறை பார்த்துவிட்டுச் சடையனிடம் திரும்பினாள்.

"நான் அன்னிக்கி இப்படிக் கண்ண மூடினேனா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் கயித்தப் பாத்துனு இருந்தேன்."

"இருபத்தஞ்சி வருஷமா கேமராவ திட்டினீங்க. நீங்களும் பாக்கலியா?"

சடையன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டான். சரசு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். கதவோரம் பார்க்காமலே பேசினாள்.

"பொய்னு தெரியும். ஆனா பொய்யவே இவ்ளோ பொறுப்பா எடுத்தவன் நெசத்த எடுக்க மாட்டானா? கவியா கல்யாணத்துக்கு எடுக்கட்டும். வீடியோக்காரனும் வரட்டும். ரெண்டு பேரும் எடுக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "உக்காருடா, இன்னும் நின்னுனே இருக்கிற" என்றாள்.

சுப்பிரமணி அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சடையன்தான் அவனை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். கடை வாசலில் இறங்கினவன் போகாமல் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாடா? அதான் உங்க அக்கா சரின்னு சொல்லிட்டாளே."

"அதான் மாமா பயமா இருக்குது. கார்ட்டூன்னா தப்பு வந்தா திரும்பப் போட்டுக்கலாம். அன்னிக்கி ஒரே தடவதான்." அவன் குரலை இறக்கினான். "நீங்க பொண்ணோட அப்பா, மேடையிலதான் இருக்கணும், தெரியும். ஆனா கெட்டிமேளம்னு சத்தம் வந்த உடனே ஒரு நிமிஷம் எறங்கி வந்துடுங்க மாமா. வந்து என் ரெண்டு காதையும் கெட்டியா புடிச்சி, தலைய மேடை பக்கமே வச்சினு இருங்க. தாலி ஏறுற வரைக்கும் விடாதீங்க."