பின்னேரம் வரச் சொன்ன வாகனம்

வெளியே தெரிபவை இரண்டு கால்கள் மட்டும். குதி வெடித்து, வெடிப்பில் கிறீஸ் ஊறிய கால்கள். மிச்சக் கேதீஸ்வரன் முழுவதும் உரப்பையை விரித்து வாகனத்துக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். கோப்பாயில் அவர் வீட்டு ஒழுங்கையால் புதிதாகப் போகிறவர்கள் ஒரு கணம் திடுக்கிட்டு நிற்பதுண்டு. பிரேதம் ஏற்றும் வாகனத்துக்குக் கீழே அசையாமல் இரண்டு கால்களைக் கண்டால் யாருக்குத்தான் திக்கென்றிராது? அடியிலிருந்து குரல் வரும்: "பயப்பிடாதையுங்கோ. இது உயிரோடைதான் கிடக்கு."

அறுபதைத் தொடப்போகிற மனிதர். ஒடிசலான உடம்பு, பெரிய காதுகள். பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, பக்கங்களுக்குக் கண்ணாடி போட்டு, சாம்பல் நிறம் அடித்து, வலிகாமம் முழுக்க ஓடுகிறார். சவம், பிணம் என்ற சொற்கள் அவர் வாயில் வராது. "படுத்திருக்கிறவர்" என்பார். வீதியில் பள்ளம் வந்தால் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பாமலே, "ஒரு சின்னப் பள்ளம் ஐயா, பாத்து" என்று பின்னுக்குச் சொல்லிவிட்டுத்தான் இறக்குவார். குலுக்கக் கூடாதென்று வில்லுத் தகடுகளை மாற்றிப் போட்டிருக்கிறார். யாராவது மெச்சினால் முகத்தை மாற்றாமல் சொல்லுவார்: "என்ரை வாகனத்திலை ஏறின ஒருத்தரும் இண்டுவரைக்கும் முறைப்பாடு சொன்னதில்லை."

திருத்த வேலை அவர் ஆசைப்பட்டுப் பழகியதல்ல. கராஜ்காரர் எல்லோரும் நல்லவர்கள்தான், மரியாதையாகத்தான் கதைப்பார்கள். "அண்ணை, குறை நினையாதையுங்கோ. பின்னேரம், மற்ற வாகனமெல்லாம் போனாப்பிறகு கொண்டாங்கோ" என்பார்கள். சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்து, நல்ல நேரம் பார்த்து எடுத்த புதுக்காருக்குப் பக்கத்தில் இந்த வாகனம் நின்றால் கார்க்காரர் முகம் எப்படிப் போகும் என்பது அவருக்கும் தெரியும். "அவங்களிலை பிழையில்லை. நானெண்டாலும் உப்பிடித்தான் சொல்லுவன்" என்பார். ஆனால் பின்னேர வேலை அவசர வேலை. வீட்டுக்குப் போகிற அந்தரத்தில் ஒருவன் ஒயில் மாற்றி ஆணியை இறுக்காமல் விட, மானிப்பாய் வரைக்கும் வீதி நெடுக ஒயில் கோடு போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அன்றோடு ஸ்பனர் செற் ஒன்று வாங்கி உரப்பையையும் விரித்துவிட்டார்.

வேலையில் சுத்தம், பொறுமை இரண்டும் உண்டு. ஒரேயொரு குணம் மட்டும் விடாது. எதையும் எறியமாட்டார். சண்டை நேரம் தடை போட்டு ஒரு சாமானும் வராத காலத்தில் பழகிய கை அது. தேய்ந்த வாசர், புரி போன ஆணி, காய்ந்த றப்பர் எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்து, துடைத்து, பிஸ்கற் ரின்னுக்குள் போய்விடும். மனைவி உதயகலா அந்த ரின்னைக் கண்டாலே தொடங்குவார்: "மகளின்ரை கலியாணத்துக்கு உந்த ரின்னைத்தான் சீதனமாக் குடுக்கப் போறியளாக்கும்."

அந்தக் குணம்தான் காலை வாரியது. மானிப்பாயில் பொன்னம்பலம் என்ற பெரியவர் தவறிப்போனார். கிரியை முடிந்து, பெட்டியை ஏற்றி, பறைச் சத்தத்தோடு வாகனம் வீட்டு வாசல் படலையைத் தாண்டியது. முன்னால் கொள்ளிச் சட்டியோடு மூத்த மகன் செந்தூரன். பெண்கள் படலையில் நின்று கதறிக்கொண்டிருந்தார்கள். சுடலைக்கு அவர்கள் வருவதில்லை. ஒழுங்கை முடக்கில் வாகனம் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது.

கேதீஸ்வரனுக்கு அந்தக் கணமே விளங்கியது. டீசல் போகிற குழாய்க்குள் காற்று இழுத்திருக்கிறது. முதல்நாள் பில்ரர் மாற்றும்போது, புது வாசர் கையில் இருக்க, "பழசும் நல்லாத்தானே கிடக்கு" என்று கழுவித் திருப்பிப் போட்டவர் அவரேதான். முன் சீற்றைத் தூக்கிவிட்டு, காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அமத்தத் தொடங்கினார். அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது. பெரியவரின் மனைவி சின்னத்தங்கம் படலையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ பிள்ளையள், பாருங்கோடி! இந்த மனிசனுக்கு என்னை விட்டிட்டுப் போக மனமில்லையடி!"

கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவரை விலக்கவில்லை. வாகனக்காரனை ஒருவரும் ஏசவில்லை. ஊரே அழுதது. அத்தனை பேருக்கும் நடுவில் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தவர் கேதீஸ்வரன் ஒருவர்தான். ஒருவழியாக இஞ்சின் பிடித்தது. கிழவி தானே கையை எடுத்து, "சரி, போங்கோ" என்றார். அதை டிரைவருக்குச் சொன்னாரா, படுத்திருந்தவருக்குச் சொன்னாரா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு புது வாசர் போட்டார். குழாய் மாற்றினார். அந்த ரின்னைக் கொண்டுபோய் இரும்புக்காரனுக்குக் கொடுத்தார். ஆனாலும் காலையில் திறப்பைத் திருகி இஞ்சினை எழுப்பினால் அந்த இருமல் இருக்கிறது. எங்கேயோ இன்னும் காற்று இழுக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. வந்த ஓட்டங்களையெல்லாம் வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டார். "எத்தினை நாளைக்கு உப்பிடி அடியிலை கிடக்கப் போறியள்? ஒருத்தனிட்டைக் குடுங்கோவன்" என்று உதயகலா சொன்னபோது அவர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார்.

"பஸ் நிண்டால் சனம் இறங்கி நடக்கும், கலா. என்ரை வாகனத்திலை ஏறினவர் என்ன செய்யிறது? இனியொருக்கா நடுவழியிலை நிக்காதெண்டு எனக்கு ஆரும் சொல்ல வேணும். சொன்னால்தான் ஏத்துவன்."

இரண்டு கராஜில் கேட்டும் பார்த்தார். இரண்டிலும் பின்னேரம் வரச் சொன்னார்கள். பின்னேர வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை, தன் கையிலும் இப்போது இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார்.

பொன்னம்பலத்தாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், மழித்த தலையும் திருநீறுமாகச் செந்தூரன் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினான். மானிப்பாயில் சொந்தமாகக் கராஜ் வைத்திருப்பவன் என்பது அவன் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது.

"அண்ணை, அண்டைக்குக் காத்துத்தானே இழுத்தது?"

மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "ஓம் தம்பி. பழைய வாசரைத் திருப்பிப் போட்டனான். என்ரை பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

"வாகனம் இருமேக்கையே எனக்குத் தெரியும். கையிலை கொள்ளிச் சட்டி. என்ன செய்யிறது?"

"அப்ப ஏன் ராசா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

செந்தூரன் வாகனத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வீட்டை வாறவை எல்லாரிட்டையும் அம்மா அந்தக் கதையைத்தான் சொல்லுறா. அப்பா அவவோடை ஆசையா ஒரு வார்த்தை கதைச்சு நான் கேட்டதில்லை அண்ணை. அதை உங்கடை வாசர் கதைச்சுப்போட்டுது. அது அப்பிடியே இருக்கட்டும். ஆனா இனி ஒருத்தருக்கும் நிக்கக் கூடாது. நாளைக்கு வாகனத்தைக் கொண்டாங்கோ."

"ஓம், பின்னேரம் வாறன்."

"காலமை வாங்கோ. அப்பாவின்ரை துடக்குக் கழிஞ்சு நாளைக்குத்தான் கராஜ் திறக்கிறன். முதல் வேலை உங்கடை."

"விசரோ தம்பி உனக்கு? முதல் நாளிலை உதைக் கொண்டுபோய் உள்ளுக்கை விட்டால் சனம் என்ன சொல்லும்?"

"கட்டாயம் வாங்கோ" என்றுவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை கராஜ் வாசலில் மாவிலைத் தோரணம், கற்பூர வாசம். கேதீஸ்வரன் போய்ச் சேர முதலே அங்கே ஒரு புதுக்கார் வந்து நின்றது. கேதீஸ்வரன் வீதியிலேயே வாகனத்தை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டபடி இருந்தார். கார்க்காரர் சொன்னது நன்றாகக் கேட்டது: "நல்ல நாள் பாத்துத் திறந்துபோட்டு, உந்த வாகனத்தையே முதல் எடுக்கப் போறாய்? அப்ப நான் பிறகு வாறன், தம்பி." இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேதீஸ்வரன் நினைத்தார். பழகிய கதைதான். ஆனாலும் நெஞ்சு நொந்தது. பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமென்று றிவேர்ஸ் கியரைப் போட்டார்.

பின் கண்ணாடியில் பார்த்தால் செந்தூரன் வாகனத்துக்குப் பின்னால் வந்து நிற்கிறான். விலகுகிற எண்ணம் இல்லை. அங்கிருந்தபடியே கார்க்காரருக்குச் சத்தமாகச் சொன்னான்: "ஐயா, எங்கடை அப்பா கடைசியாப் போன வாகனம் இது. இது உள்ளுக்கை வந்தாப்பிறகுதான் மற்றதெல்லாம். நீங்கள் நிண்டாலும் சரி, போனாலும் சரி."

பிறகு டிரைவர் பக்கக் கதவடிக்கு வந்தான். "இறங்குங்கோ அண்ணை. நான் உள்ளுக்கை விடுறன்."

அந்த வாகனத்தை அவரைத் தவிர வேறொருவர் ஓட்டியதில்லை. எந்தக் கராஜ்காரரும் கேட்டதுமில்லை. கேதீஸ்வரன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு இஞ்சினை நிறுத்தி இறங்கினார். கிறீஸ் படிந்த வலது கையை உடுத்திருந்த சாரத்தில் நன்றாகத் துடைத்தார். திறப்பை எடுத்து, தன் மகன் வயதுக்காரனிடம், கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல இரண்டு கைகளாலும் நீட்டினார்.