உட்கார முடியாத இருவர்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது, பிளம்பர் ஒரு வீட்டின் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

"சார், உங்க பொண்ணு மதில் மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கறா. உடனே வாங்க" என்றார் வகுப்பாசிரியை.

கழற்றிய குழாயை அப்படியே போட்டுவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் புளுகிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேலையை அரைகுறையாக விட்டு ஓடுவது அவருக்குப் புதிதில்லை. கையில் ஒரு வேலை இருந்தால் மனசில் நாலு ஓடும். ஆள் கெட்டிக்காரர்தான், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

மகளுக்கு எட்டு வயது. குடியிருப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் ராக்கெட். தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வருவாள். கணக்குப் போடச் சொன்னால் ஜன்னலில் நிற்பாள். அதட்டினால் "மாட்டேன்".

அன்றும் அதேதான். "இறங்குடி!" என்று அவர் கத்தக் கத்த, அவள் இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். களைத்துப்போன பிறகு தானே குதித்தாள்.

வீட்டில் ரகளை. "எல்லாம் நீங்க குடுக்கற செல்லம்" என்றாள் தையல் கம்பெனியிலிருந்து அலுத்து வந்த மனைவி. "உன் வாய்தான் அவளுக்கும்" என்றார் இவர். விஷயம் கேள்விப்பட்டு வந்த அவருடைய அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ், இருவரையும் அடக்கினாள்.

"குழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"என் பொண்ணு என்ன பைத்தியமா?"

"காய்ச்சல்னா போறதில்லையா? வாயை மூடிக்கிட்டுக் கிளம்புடா."

டாக்டரம்மா நிதானமாகக் கேள்வி கேட்டார். மூலையில் கைகழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பருக்குக் காதில் வேறெதுவும் ஏறவில்லை. சட்டென்று எழுந்து போய்க் குழாயைத் திருகிப் பார்த்தார். மகளும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்பாவும் பொண்ணும் கொஞ்சம் உட்காருங்க. இது திமிர் இல்லம்மா. கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தறது இவளுக்கு ரொம்பக் கஷ்டம். நாள் பூரா திட்டு வாங்கற பிள்ளை, தோத்துப்போறதுக்கு முன்னாடியே மாட்டேன்னு சொல்லிடும்."

"சரியாயிடுமா?" என்றாள் மனைவி.

"ஒரே நாள்ல ஆகாது. ஒரு சமயத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. செஞ்சா உடனே பாராட்டுங்க. பள்ளிக்கூடத்துல நான் பேசறேன். மருந்து வேணுமான்னு அப்புறம் பார்க்கலாம்." பிறகு பிளம்பரைப் பார்த்தார். "நீங்க சின்ன வயசுல எப்படி?"

அவர் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, உன்னையும் திட்டுவாங்களா?"

"தினமும்."

"நீ என்ன சொல்லுவே?"

"மாட்டேன்னுதான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன்பின் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. "பல்லைத் தேய், சாக்ஸ் போடு, பையை எடு" என்று ஒரே மூச்சில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாக்ஸ் மட்டும்" என்பார். ஒருநாள் போட்டுக்கொள்வாள். மறுநாள் சாக்ஸ் ஜன்னல் வழியே பறக்கும். கை ஓங்கும் வேகத்தோடு எழுந்து, படிக்கட்டுவரை போய் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புவார். ஆசிரியை அவளை முன் வரிசைக்கு மாற்றி, நடுநடுவே எழுந்து நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலையையும் கொடுத்தார். பாதிக் கணக்குகளாவது முடிந்தன.

தனக்கும் பெரியவர்களுக்கான மனநல டாக்டரிடம் நேரம் வாங்கினார் பிளம்பர். இரண்டு முறை மறந்தே போனார். மூன்றாம் முறை மனைவி லீவு போட்டு, கையோடு கூட்டிப்போனாள்.