மினுமினுப்பைக் கழற்றிய நாள்

எங்கள் வீட்டுச் சிமெந்துத் தரைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தோம். அதன்மேல் சனிக்கிழமைதோறும் என் வீட்டுக்காரர் சிவப்புப் பொலிஷைத் தடவி, தேங்காய் மட்டையில் ஒரு காலை வைத்து ஆடி ஆடித் தேய்ப்பார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவர். சொந்தமாக ஒரு தரை கிடைத்ததும் அதில் முகம் தெரிந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். முகமும் தெரிந்தது. அந்த வழவழப்பிலேயே ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் டொக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஊன்றுகோலோடு அவர் இந்தத் தரையில் காலெடுத்து வைப்பதற்குள் பொலிஷை எடுத்தாக வேண்டும். சவர்க்காரம் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தேன். பொலிஷ் என்னைப் பார்த்து இளித்தது.

பக்கத்து வீட்டுக்கு மடவளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணிடம், அவளுடைய தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, தரை துடைக்கிற நீராவி மெசின் ஒன்று இருந்தது. கேட்டதும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"டைல்ஸுக்குத்தான் அக்கா புடிச்சீக்கிறேன். பெயின்டுக்குப் புடிச்சதில்ல. ஒரே எடத்துல வெக்க வாணாம், கொப்பளிச்சிரும்."

"கொப்பளிச்சாக் கொப்பளிக்கட்டும். புடிங்க!" என்றேன்.

மெசின் உஸ்ஸென்று சீறியது. அடியில் கட்டியிருந்த வெள்ளைத் துணி, இரண்டு முழம் நகர்வதற்குள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"அல்லாவே, பெயின்ட் கழண்டு வருது!" என்று அவள் அலறினாள்.

எனக்குத் திக்கென்றது. பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து நின்றால் ஊன்றுகோல் அதிலும் தடுக்குமே! குனிந்து, துடைத்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். ஒன்றும் வரவில்லை. துடைக்காத இடத்தைச் சுரண்டினேன். நகக்கண் நிறையச் சிவப்பு மெழுகு சுருண்டு வந்தது.

"பெயின்ட் இல்ல தங்கச்சி, பொலிஷு! எங்க வீட்டு மனுசன் வருசக்கணக்கா பூசுன பொலிஷு!"

சந்தோஷம் தாங்கவில்லை. துடைத்த இடத்தில் நின்று குதித்தே பார்த்தேன். வழுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. அவள் நிற்காமல் மெசினை நகர்த்த, மெழுகு ஆறி இறுகுமுன் நான் பின்னாலேயே ஒற்றி எடுத்தேன். வீட்டிலிருந்த பழைய சாரம், துவாய், தலையணை உறை எல்லாம் சிவந்தன. மாலைக்குள் தரை செங்கல்போல மங்கிக் கிடந்தது. அதைவிட அழகான தரையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன இது, தரை செத்துப்போய்க் கெடக்கு?"

"கெடக்கட்டும். நீங்க வாங்க."

அவர் காலெடுத்து வைக்கவில்லை. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊன்றுகோலை உள்ளே நீட்டி நீட்டிப் பின்னுக்கு இழுப்பதைப் பார்த்த பிறகே, மனிதர் பயந்துபோய் நிற்கிறார் என்று புரிந்தது. தரையோடு கூத்தாடியவர் தரைக்குப் பயந்து நின்றார்.

ஊன்றுகோலை உள்ளே வைத்து அழுத்தினார். நகரவில்லை. பலமாக அழுத்தினார். அப்போதும் நகரவில்லை. ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலை. முன்ஹோலைக் கடந்து சமையலறை வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். நான் ஓடிப்போய் அவர் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இரு, இன்னொருக்கா போயிட்டு வர்றேன்" என்றார்.