ஆயரம்மா வரைகிற வீடு

ஆயரம்மா மறுபடியும் வாசற்கதவைப் பிடுங்குகிறார். மவுஸால் அதைப் பிடித்துத் தெற்குச் சுவரிலிருந்து கழற்றி, கிழக்குச் சுவரில் நட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். திருப்தி இல்லை. "கேட்டாண்ட நிக்கிறவங்களுக்கு உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியக் கூடாது டீச்சர். நான் சாப்புடறேனா, தூங்கறேனா, ஒண்ணும் தெரியக் கூடாது" என்கிறார். கதவு இன்னும் ஓர் அடி நகர்கிறது. இந்த வாரத்தில் அந்தக் கதவு நின்று பார்க்காத சுவர் அந்த வீட்டில் கிடையாது.

வீடு இன்னும் பூமிக்கு வரவில்லை. பள்ளிகொண்டாவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூன்று சென்ட் மனையாகக் கிடக்கிறது. வீடாக அது இருப்பது லேப்டாப்பில் மட்டும்தான். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் கெசியா, போன விடுமுறைக்கு வந்தபோது லேப்டாப்பைக் கொடுத்து, வீடு வரைகிற மென்பொருள் ஒன்றையும் அதில் ஏற்றிவிட்டாள். "போரடிச்சா இதுல வெளையாடும்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். அம்மா விளையாடவில்லை. குழம்பைக் கொதிக்க விட்டு வந்து உட்கார்ந்தால், குழம்பு தீய்கிற வாசனை வந்துதான் எழுந்திருப்பார்.

அவர் பெயர் தேவகிருபை. பேரணாம்பட்டில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் ரேஷன் கடைக்காரரும் நானுமாகத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு அவர் ஆயரம்மா, அதாவது சபைப் போதகர் மோசஸ் ஆயரின் மனைவி. அவர்கள் குடியிருக்கும் பார்சனேஜ், அதாவது போதகர் வீடு, சபையின் சொத்து; வருகிற மே மாதம் ஆயர் ஓய்வு பெற்றதும் காலி செய்துவிட வேண்டும். அதையொட்டிய வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கணக்கு டீச்சர் என்ற ஒரே தகுதிக்காக, சதுர அடி கூட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். இப்போது கூட்டுவதற்கு எதுவும் இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொந்த வீட்டில் இருந்ததில்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை மே மாதம் இடமாறுதல் வரும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அடுத்த பார்சனேஜுக்குப் போக வேண்டியதுதான். கட்டில், பீரோ, மேசை எல்லாம் அங்கேயே இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் சபையின் எண் பெயின்ட்டில் எழுதியிருக்கும். சுவரில் ஆணி அடிப்பதென்றால் கமிட்டியில் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு, கல்யாண போட்டோவைப் பீரோவுக்கு மேல் சாய்த்தே வைத்திருக்கிறார்.

அதனால் லேப்டாப் வீட்டில் அவர் முதலில் செய்த காரியம் ஆணி அடித்ததுதான். சமையலறை உட்பட எல்லாச் சுவரிலும் படங்கள் தொங்குகின்றன. பொருட்காட்சிக்கு வீடு கட்டுகிறீர்களா என்று கேட்டேன். "யாரு கேக்கப்போறா" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கட்டில் எடுப்பதில்தான் திணறிவிட்டார். பட்டியலில் விதவிதமாகக் கட்டில்கள் கிடக்க, நாள் முழுக்க மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கட்டில் புடிச்சிருக்கான்னு எப்படி டீச்சர் கண்டுபுடிக்கிறது" என்று கேட்டார். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

மென்பொருள் வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. குளிர்காய்கிற அடுப்பு இருக்கிறது. அம்மியும் உரலும் இல்லை. ஒருநாள் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, அளவு காட்டுவதற்காக ஹாலின் நடுவில் ஒரு வெள்ளைக்காரியின் உருவம் வந்து நின்றுவிட்டது. "இவங்க யாரு? இங்கயுமா?" என்று பதறிப்போய், அவளைப் பிடித்து வெளியே போட்டார். மனைக்கு வெளியே, ரோட்டில் நிற்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். பிறகு மனசு கேட்காமல் அவள் தலைக்கு மேல் ஒரு மரம் வைத்துக் கொடுத்தார்.

அந்த வீட்டில் அவர் கேட்பதெல்லாம் ஓர் அறை. எட்டுக்கு ஒன்பது. பின்பக்க மூலையில், ஜன்னல் வேப்பமரத்தைப் பார்க்க, உள்ளே தாழ்ப்பாள் போட்டது. அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பைபிள் வாசிப்பது, தையல் என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன். கதவ சாத்திட்டு உக்காந்திருப்பேன். யாராவது கூப்டா எழுந்துக்க மாட்டேன். அவ்ளோதான்."

எழுந்திருக்காமல் இருப்பது அவருக்குப் பெரிய விஷயம். பார்சனேஜுக்கு நேரம் காலம் கிடையாது. பீடி சுற்றுகிறவள் புருஷன் அடித்தான் என்று வருவாள். தோல் கம்பெனி சூப்பர்வைசர் மகனுக்குப் பரீட்சை என்று வருவார். சாப்பிட உட்கார்ந்த தட்டை மூடி வைத்துவிட்டு ஆயரம்மா எழுந்து போவதை என் சமையலறை ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவார்.

ஆயருக்கு ஆசை வேறு மாதிரி. அவருக்குப் பெரிய ஹால் வேண்டும். லேப்டாப்பில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை சுவரைத் தள்ளுவது. மனைவி பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போனதும் வந்து, ஹால் சுவரைக் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அம்மா வந்து திறந்தால் மூலை அறை இளைத்திருக்கும். "எலி வந்துட்டுப் போயிருக்கு டீச்சர்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுவரைப் பழைய இடத்துக்கு இழுப்பார். எலி பக்கத்து அறையில் பிரசங்கக் குறிப்பு எழுதுகிற பாவனையில் இருக்கும்.

அவரை லேசில் குறை சொல்ல முடியாது. ஒருநாள் கேட்டருகே நின்று என்னிடம் கேட்டார்: "மே மாசத்துக்கு அப்புறம் யாருமே வரலன்னா நான் இன்னா பண்ணுவேன் டீச்சர்? ஆளுங்க வந்து வந்தேதான் நான் ஆயரானேன்." எல்லாரும் வந்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம், யாரும் வராமல் போவார்களோ என்று ஐயாவுக்குப் பயம். அந்த மூன்று சென்ட்டுக்குள் இரண்டையும் குடிவைக்க வேண்டியிருந்தது.

போன சனிக்கிழமை பள்ளிகொண்டாவிலிருந்து பிரேம்நாத் மேஸ்திரி வந்தார். மனையை டேப் பிடித்து அளந்துவிட்டு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். செய்தி நல்லதாக இல்லை. மனை பின்பக்கம் குறுகிக்கொண்டே போகிறதாம். வரைந்திருக்கிற வீடு அதில் உட்காராதாம். ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும்.

"அந்த மூலை ரூம எடுத்துடலாமே" என்றார் ஆயர். கெட்ட எண்ணமே இல்லாமல், தட்டிலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி சொல்லிவிட்டார். அம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரூம விடுங்க ஐயா. இது இன்னா பேசேஜு? கிச்சன்ல கெளம்பி, வெளிச் சுவத்த ஒட்டிக்கினே போயி, பாத்ரூம்ல நிக்குது. ஹால் வழியா நாலு எட்டு வெச்சா பாத்ரூம். இத எதுக்கு சுத்திக்கினு போவணும்? இத எடுத்தா எல்லாம் உக்காந்துடும்."

நானும் அந்த நடைவழியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வாரக்கணக்காக அதன் சதுர அடியைக் கூட்டி எழுதியிருக்கிறேன், எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கணக்கு டீச்சரின் லட்சணம் அது.

"ஹால்ல ஆளுங்க இருந்தா நான் எப்படிப் போறது?" என்றார் ஆயரம்மா.

"யாருங்கம்மா இருப்பாங்க? நீங்க ரெண்டு பேருதான?"

அம்மா திரையைப் பார்த்தார். யாரும் நுழையக் கூடாது என்று கதவை ஊர்வலம் விட்ட மனுஷி, ஹால் நிறைய ஆட்களை உட்காரவைத்துவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் போக ஒரு வழியும் வரைந்து வைத்திருக்கிறார். மேஸ்திரியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எல்லா பார்சனேஜ்லயும் அப்படித்தாங்க. பாத்ரூம் ஹாலுக்கு அந்தாண்ட இருக்கும். நான் போனா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. ஸ்தோத்திரம் சொல்வாங்க. ஒருத்தர் அழுவாங்க. நான் உக்காரணும். அதனால அவங்க போற வரைக்கும் கிச்சன்லயே நிப்பேன்."

"போற வரைக்குமா?" என்றார் ஆயர்.

"ஆமா."

"சில நாள் சாயங்காலம் ஆயிடுமே."

"ஆமா. தண்ணி கம்மியா குடிப்பேன்."

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொல்லவே இல்லியே" என்றார். "நீங்க பேசிட்டிருப்பீங்க" என்றார் அம்மா. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். சபையில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையைக் கொடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, மாமாக்கள், அத்தைகள். ஆயரம்மா பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். "நீ இரு" என்று ஆயர் எழுந்து போனார். ஹாலில் நாற்காலிகள் இழுபட்டன. ஆயரின் குரல் வழக்கமான உயரத்துக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

அம்மா மவுஸை எடுத்தார். நடைவழியின் ஒரு சுவரைத் தொட்டு அழித்தார். அடுத்ததையும் அழித்தார். மேஸ்திரி சொன்ன அளவுக்கு வெளிச் சுவர்களை உள்ளே இழுத்தார். மூலை அறை ஒரு விரல்கூடக் குறையாமல் நின்றது. "இப்ப கரெக்ட்டும்மா" என்று பிரேம்நாத் டேப்பைச் சுருட்டினார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. ஹாலிலிருந்து வந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஹாலுக்குள் நடந்தார். மேசையிலிருந்து எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. நாற்காலியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "ஸ்தோத்திரம்மா" என்றார்கள். பெண்ணின் தாய் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்காக நீங்க ஒரு ஜெபம்" என்று ஆரம்பித்தாள். "ஸ்தோத்திரம். உக்காருங்க, வர்றேன்" என்றார் ஆயரம்மா. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நிற்காமல், அவசரப்படாமல், எல்லாருக்கும் நடுவே ஹாலைக் கடந்து குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.