பெரியப்பாவின் புல்தரை

குற்றாலத்தில் பெரியப்பாவின் லாட்ஜ் முன்னால், சிமென்டுத் தளத்தின் விரிசலில் ஒற்றைக் காசித்தும்பை நின்றது. சாரலோடு முளைத்து, சாரல் ஓய்வதற்குள் பூத்துக் காய்த்துச் செத்துப்போகிற செடி. பிடித்தால் தண்ணீராக நசுங்கும் தண்டு, ரம்பப் பல் இலை, ரோஸ் நிறப் பூவின் பின்னால் வளைந்த கொக்கி. எங்கள் வாய்க்கால் கரை முழுக்க இதுதான் இருந்தது. முற்றிய காயில் விரல் பட்டதுமே வெடித்து, தோல் புழுவாகச் சுருண்டு, விதை முகத்தில் தெறிக்கும். அதற்காகவே அக்காவும் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி, பாவாடையை நனைத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் அடி வாங்குவோம்.

அப்பா இறந்த வருடம், "வேலி மட்டுந்தான் போடுதேன்" என்று அம்மாவிடம் சொல்லி அந்தக் கரையை வளைத்தவர் பெரியப்பா. வாய்க்கால் இப்போது அவருடைய கார் நிறுத்துமிடத்துக்கு அடியில், குழாய்க்குள் போகிறது.

"களையப் போயி என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? பிடுங்கி எறி" என்றார், வாசல் நாற்காலியில் இருந்தபடியே.

காய்களெல்லாம் முற்றியிருந்தன. அந்தக் கரையிலேயே வளர்ந்த மனுஷனுக்கு அது மறந்துவிட்டது.

"சரி பெரியப்பா" என்றேன். வேரோடு பிடுங்கி, அவர் வெளியூரிலிருந்து வரவழைத்துப் பதித்த புல்தரை நெடுக உதறிக்கொண்டே நடந்தேன். அடுத்த சாரலுக்குப் பிடுங்க அவருக்கு ஆள் போதாது.