செம்பாயிக்கு ஒரு பூசை

என் சம்பந்தி இஞ்ஞாசிமுத்து ஒரு ஜாகா. பீடோங்கிலிருந்து உள்ளே திரும்பிப் போனால் வரும் செம்பனைத் தோட்டத்துக்கு அவர்தான் காவல். வீடும் தோட்டத்துக்குள்ளேயேதான். லோரி வந்தால் கயிற்றை இழுத்துத் தடுப்புக் கட்டையைத் தூக்குவார், போனதும் இறக்குவார். மற்ற நேரமெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பார். நான் முப்பது வருசம் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரன். கட்டையைத் தூக்கிய ஜாகாவுக்கு ஒரு ஹார்ன் தட்டிவிட்டுப் போவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதுதான் நன்றி சொல்கிற மாதிரி. தட்டாமல் போனால் இவர் பின்னாலேயே கத்துவார்.

"ஏய் சுப்பிரமணியம், கை என்ன சுளுக்கா?"

அப்படிப் பழகித்தான் என் மகள் தேவகியை அவர் மகன் டேரனுக்குக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மன் கோயில் ஆட்கள். இரண்டு பேரும் ஒரே வாசலில் வெயில் காய்ந்தவர்கள் என்பதால் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை.

சம்பந்தி ஆறாம் வகுப்பு. என்னைவிட இரண்டு வகுப்பு கூட. அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. ஆனால் அவர் படித்தது ஒரே கதைதான். 'ஏழு வாசல் நாடு', ஒன்பது பாகம். நிழலைக் கொத்திக்கொண்டு போகிற பறவை, கிணற்றுக்குள் தூங்குகிற ராஜா, பேசுகிற படிக்கட்டு என்று எல்லாமே மாயம். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுங்கை பட்டாணி கடையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. இரண்டு வருசத்துக்கு முன் கரையான் பிடித்து ஒன்பதும் மண்ணாகப் போய்விட்டது. மனுசர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கிற டேரன், யாரோ புதிதாக அச்சுப் போட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து ஒன்பதையும் வரவழைத்துக் கொடுத்தான்.

அட்டை பளபளவென்றுதான் இருந்தது. உள்ளேதான் கோளாறு. முதல் பாகத்தில் ராஜாவின் குதிரை வெள்ளையாகக் கிளம்பிக் கறுப்பாகத் திரும்பி வந்தது. மூன்றாம் பாகத்தில் கை வெட்டுப்பட்ட ஒருவன் அடுத்த அத்தியாயத்தில் கை தட்டிச் சிரித்தான். எழுத்துப்பிழையோ வரிக்கு வரி. போனால் போகிறது என்று ஒரு பக்கத்தை இரண்டு தடவை வேறு அடித்திருந்தார்கள்.

"அச்சடிச்சவன் ஒருக்காவாச்சும் படிச்சுப் பார்த்தானா லா? சோறு போடச் சொன்னா கல்லையும் சேர்த்துல்ல போட்டிருக்கான்!" என்று கொட்டகையில் ஒரே சத்தம்.

அவர் மனைவி கேதரின் அசரமாட்டார். "இந்த அக்கறையோட வேதப் புஸ்தகத்தைத் தொட்டிருந்தா, மோட்சத்துல உங்களுக்கு முன் சீட்டு போட்டு வெச்சிருப்பாங்க."

அந்தக் கதையில் செம்பாயி என்று ஒருத்தி வருவாள். மூன்றாம் வாசலின் காவல்காரி. இரண்டாம் பாகத்தில், எதிரிகள் உடைக்க வந்த கதவைத் தோளால் முட்டிக்கொண்டு நின்றபடியே செத்துப்போவாள். தன் தொழிலைச் செய்கிறவள் என்பதால் சம்பந்திக்கு அவள்மேல் தனிப் பாசம். அவள் சாகிற பக்கத்தை எனக்கு ஒருமுறை சொல்ல ஆரம்பித்துவிட்டு, முடிக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அவர் சொன்னதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நான்காம் பாகத்தில் நிறைமாத ராணி மழையில் ஓடி வருகிறாள். பழைய புத்தகத்தில் புதிதாக வந்த காவல்காரன் ஒருவன் அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவானாம். புதிய புத்தகத்தில் திறந்தது செம்பாயி.

சம்பந்தி பதிப்பகத்துக்கே போன் அடித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தம்பி, செத்தவ எப்படிப்பா வந்து கதவைத் திறப்பா?"

"சாரி அங்கிள். கம்ப்யூட்டர்ல ஏதோ மாறிப்போயிருக்கும். அடுத்த பதிப்புல திருத்திடுறோம்."

"அதுவரைக்கும் அவ அங்கயே நிக்கணுமா?"

அந்தப் பையன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். சம்பந்தி சிரிக்கவில்லை. ஐந்தாம் பாகத்திலும் அவள் வந்தாள், ஆறிலும் வந்தாள். ஒன்றும் பேசுவதில்லை. 'செம்பாயி அங்கே நின்றிருந்தாள்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். மூன்று இடத்திலும் ஒரு பிள்ளை பிறக்கப் போகிற நேரம்.

அப்போது தேவகிக்கு ஐந்து மாதம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. ஆறாம் மாதம் நெருங்க நெருங்க எல்லாரும் மெதுவாக நடந்தோம், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினோம். இந்த நேரத்தில் சம்பந்தி என்னை வெளியே கூப்பிட்டு, புத்தகத்தைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"செத்தவ ஒருத்தி புள்ளத்தாச்சி பின்னாடியே நிக்கிறா சம்பந்தி. எனக்குப் பிடிக்கல."

"அச்சுல வந்த தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பாத்தான் வந்திருக்கா. வந்தவ போகணும்ல?"

மறுநாள் அவர் செய்த காரியத்தை வேறு எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் கோயிலில், செத்துப்போன சொந்தக்காரர் பெயரைக் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்வார்கள். பூசையில் ஃபாதர் அந்தப் பெயரை வாசிப்பார். எல்லாரும் அந்த ஆத்துமா இளைப்பாறட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். சம்பந்தி போய்ச் செம்பாயி பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகியைப் பார்க்கப் போன நானும் அவர்களோடு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தோணியம்மாள், சவரிநாதன் என்று வாசித்துக்கொண்டே வந்த ஃபாதர், "செம்பாயி" என்றார். கோயில் முழுக்க முழங்கால் போட்டது. உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக அத்தனை பேரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள். கேதரின் பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினார்.

வெளியே வந்ததும் ஃபாதர் கேட்டார். "யாருங்க இஞ்ஞாசி அந்தச் செம்பாயி?"

"நம்ம சொந்தந்தான் ஃபாதர்."

காரில் ஏறியதும் கேதரின் பிடித்துக்கொண்டார். "சொந்தமா? எந்த வழியில சொந்தம்? உங்க சின்னாத்தா மகளா? கோயில் வாசல்ல நின்னுகிட்டு அந்தப் பேய்க்குக் குடும்ப அட்டை குடுத்துட்டு வர்றீங்களே!"

சம்பந்தி திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சொந்தம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு வர உரிமை உண்டே.

தோட்டத்துக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. சுங்கை பட்டாணி ரோட்டுப் பக்கம், இரும்புக் கதவு. அங்கே ஜாகா கிடையாது. கொக்கி மட்டும் போட்டிருக்கும். சம்பந்தி மத்தியானம் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். பூசைக்குப் பிறகு அவர் போகிற நாளெல்லாம் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. காற்றில் திறந்த மாதிரி அரைகுறையாக இல்லை. லோரிக்குத் திறப்பதுபோல் முழுசாக, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு கல்லும் வைத்து. அது ஜாகாக்கள் வைக்கிற முறை. ஒருநாள் என்னையும் கூட்டிப் போய்க் காட்டினார். சுற்றிலும் ஈர மண். ஒரு காலடி இல்லை. செம்பனை மட்டைகூட அசையவில்லை.

"குரங்கா இருக்கும்," என்றேன்.

"குரங்கு கல்லு வெக்குமா சம்பந்தி?"

அன்றே பீடோங் கடையில் தடித்த சங்கிலியும் பூட்டும் வாங்கிக் கதவைத் தூணோடு சேர்த்துக் கட்டினார். கணக்கெழுதும் கிராணியிடம், திருட்டுப் பயம் என்று சொல்லிக்கொண்டார். ஒரே சாவி. அதை இடுப்பு வளையத்தில் போட்டுக்கொண்டார். ஆறாம் மாதம் தாண்டியது, ஏழு, எட்டு. தேவகியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சம்பந்திக்கும் தூக்கம் வந்தது. செம்பாயியை வெளியே நிறுத்திப் பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் மாதம் அந்த மழை பிடித்தது. மூன்று நாளாக விடவில்லை. நான் கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்கப் போயிருந்தேன். சம்பந்தி ஏதோ வாங்க மோட்டாரில் பீடோங் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் முன்வாசலுக்குப் போகிற பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. டேரன் கூலிமில் வேலையில் இருந்தான். மத்தியானச் சோறு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள். அந்த ஒரு குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தரையில் ரத்தம்.

கேதரின் அவளைப் பின் சீட்டில் சாய்த்துக்கொண்டார். நான் காரை எடுத்தேன். பின்வாசல்தான் ஒரே வழி. பாதி தூரம் போன பிறகுதான் சங்கிலி ஞாபகம் வந்தது. சம்பந்திக்குப் போன் போகவில்லை.

"பூட்டியிருக்கே சம்பந்தியம்மா."

"இடிங்க. காடி போனா போகட்டும். மாதாவே, மாதாவே..."

இடித்தாலும் அந்தக் கதவு போகாது. நான் லோரி ஓட்டியவன், எனக்குத் தெரியும். கார்தான் நசுங்கும். அப்புறம் நடந்து எங்கே போவது? மழையில் கண்ணாடி தெரியவில்லை. வளைவு திரும்பினேன்.

கதவு முழுசாகத் திறந்திருந்தது. அடியில் கல். பக்கத்தில் ஒரு பொம்பிளை நின்றிருந்தாள். முட்டிக்கு மேலே தூக்கிக் கட்டிய சேலை, தலையில் துண்டு. உரம் போடுகிற ஆள் யாரோ என்று நினைத்தேன். ஒரு தோளைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றாள், அது எவ்வளவோ கனம் என்பதுபோல. நான் வேகத்தைக் குறைத்தபோது பின் சீட்டுக் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். அந்த மழைச் சத்தத்திலும் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ போ தாயி. கதவு என் பாடு."

நான் ஹார்ன் அடிக்கவில்லை. எங்கே நினைப்பு? மிதித்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் கையில் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். பொழுது சாயும் நேரம் பேத்தி பிறந்தாள். பஞ்சு மாதிரி ஒரு தலை. என் சுண்டுவிரலைப் பிடித்தாளே ஒரு பிடி! முப்பது வருசம் ஸ்டீரிங் பிடித்த கை எனக்கு, அந்தப் பிடியில் அப்படியே இளகிப் போனது. ஆஸ்பத்திரியில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரோட்டில் தண்ணீர் இறங்கி, சேதி தெரிந்து, சம்பந்தி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் பூட்டின பூட்டால எம்புள்ளைய நானே கொன்னுருப்பேனே சம்பந்தி. எப்படி உடைச்சீங்க?"

"உடைக்கல. ஒரு பொம்பிளை திறந்து வெச்சிருந்தா."

அவர் இடுப்பு வளையத்தைத் தூக்கிக் காட்டினார். சாவி அதில்தான் இருந்தது.

நான் அவள் நின்ற விதத்தைச் சொன்னேன். அவள் சொன்னதையும் சொன்னேன். சம்பந்தி பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டாம் பாகத்தில் செம்பாயி சாகும்போது சொல்கிற கடைசிப் பேச்சு அதுதானாம். எனக்குச் சொல்ல வந்து முடிக்காமல் போனாரே, அந்தப் பக்கம்.

அப்புறம் கேட்டார். "ஹார்ன் தட்டுனீங்களா?"

"இல்ல."

அவர் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். சங்கிலி தூணில் இருந்த ஆணியில் மாலை மாதிரித் தொங்கியது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சம்பந்தி சாவியைப் போட்டுப் பார்த்தார். புதுசு போலத் திறந்தது. சங்கிலியைச் சுருட்டிக் கால்வாயில் எறிந்துவிட்டார். தோட்டத்து ஆட்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு மழையில் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை என்றார்கள்.

கொஞ்ச நாளில் பதிப்பகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. நான்காம் பாகம், பிழை திருத்தியது, இலவசம் என்று மேலே எழுதியிருந்தது. பிரிப்பதற்குக் கேதரின் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சம்பந்தி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அதுல அவ இருக்க மாட்டா. எனக்கு எதுக்கு?"

"அப்ப இன்னொரு பூசை வெக்கப் போறீங்களா?" இந்தத் தடவை கேதரின் கேலியாகக் கேட்கவில்லை.

"வேணாம். இளைப்பாறச் சொன்னது என் தப்பு. ஜாகாவைப் போய் யாராச்சும் தூங்குன்னு சொல்லுவாங்களா?"

ஒரு மாதம் என் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, பேத்தியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன். சம்பந்தியே லீவு போட்டுவிட்டு வந்து, பின் சீட்டில் தேவகிக்குப் பக்கத்தில் பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. பின்வாசல் வழியாகத்தான் போனோம். கதவு திறந்து, கல் வைத்துத் தயாராக இருந்தது. யாரும் இல்லை.

காரை ஊர விட்டேன். வாசலைத் தாண்டும்போது மெதுவாக ஒரு ஹார்ன் தட்டினேன். பிள்ளை திடுக்கிடவில்லை. சம்பந்தி குனிந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் கொக்கி விழுகிற சத்தம்.

நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.